முசுறு தன் வீட்டைத் தைத்த கதை

எறும்புக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், முசுறு என்கிற சிவப்பு எறும்பு மண்ணுக்குள்தான் குடியிருந்தது. இப்போது இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மாமரத்தில் ஏறி, தெரியாமல் முசுறுக் கூட்டில் கை வைத்து, சட்டையை உதறிக்கொண்டு தெருவெல்லாம் ஓடியவர்கள் கொஞ்சமும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். நடந்தது நடந்ததுதான்.

மண்ணுக்குள் குடியிருந்தது என்றேனே தவிர, நன்றாகக் குடியிருந்தது என்று சொல்லவில்லை. வளை தோண்டக் குட்டைக் கால் வேண்டும், தடித்த தலை வேண்டும். கட்டெறும்புக்கு இரண்டும் இருந்தன. முசுறுக்கோ ஒட்டடைக் கம்பு மாதிரி நீள நீளமாகக் கால்கள். அதை வைத்துக்கொண்டு தோண்டினால், தோண்டிய மண்ணில் பாதி திரும்ப உள்ளேயே விழும். பக்கத்து வளைக் கட்டெறும்புகள் வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். முசுறுக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம். தோண்டுவதை விட்டுவிட்டு, வேடிக்கை பார்த்தவர்களைக் கடிக்கப் போய்விடும். வளை அரைகுறையாகவே கிடக்கும்.

மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்கரையில் இருந்தது இந்தக் கதையில் வருகிற முசுறுகளின் வளை. ஐப்பசி வந்தால் மலையில் பெய்கிற மழை முழுக்க அந்த ஓடைக்குத்தான் இறங்கும். ஓடை நிறைந்தால் கரை ஊறும். கரை ஊறினால் வளைக்குள் தண்ணீர் வரும். பெரியவர்கள் எப்படியோ தத்தளித்து, புல்லைப் பிடித்து மேலே ஏறிவிடுவார்கள். பிள்ளைகளால் முடியாது. எறும்புப் பிள்ளை எறும்பாகவா பிறக்கிறது? காலும் கண்ணும் இல்லாமல், அரிசிக் குருணை மாதிரி வெள்ளைப் புழுவாகத்தான் கிடக்கும். ஊட்டினால் தின்னும், தூக்கினால் வரும். நன்றாகக் கொழுத்த பிறகு ஒருநாள் தன் வாயிலிருந்து நூல் எடுத்து, அந்த நூலால் தன்னையே சுற்றிக்கொண்டு, சின்னதாக ஒரு கூடு கட்டி அதற்குள் தூங்கிப்போகும். விழித்து, கூட்டைக் கிழித்துக்கொண்டு வரும்போதுதான் அது எறும்பு.

அன்றைக்குத்தான் அதற்குப் பேர் வைப்பார்கள். அதற்கு முன்னால் பேர் வைக்கிற வழக்கம் முசுறு வீட்டில் இல்லை. பாதியில் போய்விடுகிற பிள்ளைக்குப் பேரும் இருந்தால் அழுகை கூடுதலாகும் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஓர் ஐப்பசி வெள்ளத்தில் அந்த வீட்டில் பிள்ளை என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிலுப்பி என்று ஒருத்தி இருந்தாள். பிள்ளை தூக்குவதும் ஊட்டுவதும்தான் அவள் வேலை. தண்ணீர் உள்ளே வந்ததும் ஒரு பிள்ளையை வாயில் கவ்விக்கொண்டு, முங்கி எழுந்து, புல் நுனி வரைக்கும் வந்துவிட்டாள். வந்து பார்த்தால் பிள்ளை வழியிலேயே போய்விட்டிருந்தது. அதைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அன்று முழுவதும் கவ்விக்கொண்டே திரிந்தாள். மற்றவர்கள் வைத்துவிடு என்றார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

வெயில் வந்தது, கரை காய்ந்தது. வீட்டுக்குத் தாயானவள் மறுபடியும் முட்டையிட்டாள். அந்த வீட்டில் எல்லோரும் அவளுக்குப் பிறந்தவர்கள்தான்; எல்லோருக்கும் அவள் ஆத்தா. புதுப் பிள்ளைகள் வளர்ந்து வரும்போதே அடுத்த ஐப்பசியும் கிட்டத்தில் வந்துவிட்டது. சிலுப்பி போய்த் தாயின் முன்னால் நின்று, இந்த மழைக்குத் தான் மண்ணுக்குள் இருக்கப்போவதில்லை என்றும், பிள்ளைகளை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறப்போவதாகவும் சொன்னாள்.

"மரத்துல சுத்திச் சுத்திக் காத்துதான இருக்கு. செவுரு எங்கடி?" என்று தாய் கேட்டாள்.

இலைதான் சுவர் என்றாள் சிலுப்பி.

ஓடைக்கரைக்கு மேட்டில் ஒரு வீடு. அதன் கொல்லையில் ஒரு மந்தாரை மரம், அகல அகலமான இலைகளோடு நின்றது. முசுறுகள் அதில் ஏறிப் பார்த்தன. அங்கே போன பிறகுதான் அந்த நீளக் கால்கள் எதற்கு என்று அவர்களுக்கே புரிந்தது. ஒருத்தி இந்த இலையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு அந்த இலையை எட்டிப் பிடித்தாள். எட்டாத இடத்தில் ஒருத்தியின் இடுப்பை இன்னொருத்தி கவ்விச் சங்கிலி போட்டார்கள். எல்லோரும் சேர்ந்து இழுத்தால், அடேயப்பா, இரண்டு இலையும் கதவு சாத்துவது போல வந்து சேர்ந்துகொண்டன. கரையில் நின்ற கட்டெறும்புகள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு போயின.

ஆனால் பிடியை விட்டால் இலை விலகிவிடும். எல்லோரும் பிடித்துக்கொண்டே நின்றால் இரை தேடுவது யார், பிள்ளைக்கு ஊட்டுவது யார்? சேர்த்த இலையைச் சேர்ந்தபடியே நிறுத்த ஏதாவது வேண்டும்.

தையல்சிட்டு இலையைத் தைத்துத்தானே கூடு கட்டுகிறது, அதனிடம் கேட்டு வருகிறேன் என்று ஒருத்தி கிளம்பினாள். போனவள் திரும்பி வரவில்லை. சிட்டுக்கு எறும்பு காலைப் பலகாரம் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிறகு சிலுப்பியே சிலந்தியிடம் போனாள். சிலந்தி மரியாதையாகத்தான் பேசியது. நூல் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு உங்கள் வீட்டில் நன்றாகக் கொழுத்த பிள்ளையாக ஒன்று கொடுத்தால் போதும் என்றது. அன்றைக்கு அந்தச் சிலந்தி ஏழு காலோடுதான் தன் வலைக்குள் போனது.

அந்தக் கொல்லை வீட்டுக்காரி பெயர் சோலையம்மாள். இலை தைப்பது அவள் தொழில். ஊரில் கல்யாணமோ கருமாதியோ, பந்தியில் விழுகிற இலை அவள் தைத்த இலைதான். மந்தாரை இலைகளை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏற்றி வைத்து, பச்சைத் தென்னை ஈர்க்கால் ஒரு குத்து, ஒரு மடக்கு, ஒரு ஒடி. பேசிக்கொண்டே தைப்பாள். புருஷன் பெரியகருப்பன் இலைக் கட்டைத் தலையில் சுமந்து விசேஷ வீட்டில் இறக்குவார். இறக்கியதும் திரும்பி வர மாட்டார். கடைசிப் பந்தி வரைக்கும் இருந்து, எந்த இலையும் கிழியவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வருவாராம். வயிறும் உறுதியாகிவிடும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஒரு காதுகுத்து வீட்டிலிருந்து பட்டினியோடு திரும்பி வந்தார். மந்தாரை மரத்தில் புழு விழுந்திருந்தது. இலையில் பொடிப் பொடியாக ஓட்டைகள். சோலையம்மாள் பார்த்துப் பார்த்துத் தைத்தும், அதில் ஒன்று தப்பிப் போய் நேராகத் தாய்மாமன் முன்னால் விழுந்திருக்கிறது. ரசம் ஊற்றினார்கள். ரசம் தாய்மாமன் வேட்டிக்குள் இறங்கிவிட்டது. காதுகுத்தில் தாய்மாமன் மடி நனைந்தால் சும்மா இருப்பாரா? சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. இனிமேல் ஓட்டை இலை வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று ஊரில் சொல்லியனுப்பினார்கள்.

சோலையம்மாள் மரத்தடியில் உட்கார்ந்து புழுவைத் திட்டித் தீர்த்தாள். அவள் பக்கத்தில் கிடந்த தைத்த இலைமேல் சிலுப்பி ஏறி நடந்து பார்த்தாள். ஓர் இலை முடிந்து அடுத்த இலை தொடங்குகிற இடம் காலுக்குத் தெரியவே இல்லை. இலைகளைச் சேர்த்து நிறுத்துகிற வித்தை இதோ இருக்கிறது என்று அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. அங்கேயே பேரம் பேசினாள். புழுவை முசுறுகள் பார்த்துக்கொள்ளும். சோலையம்மாள் ஈர்க்கும் கொடுத்து, குத்துகிற விதமும் காட்டித் தர வேண்டும். கீழ்க்கிளை இலை சோலையம்மாளுக்கு, மேல்கிளை முசுறுக்கு.

"எல்லாஞ் சரி. என்னையக் கடிக்கக் கூடாது" என்றாள் சோலையம்மாள்.

"முயற்சி பண்றோம்க்கா" என்றாள் சிலுப்பி. அந்த அளவுக்குத்தான் அவளால் உறுதி கொடுக்க முடிந்தது.

கொடுத்த வாக்கை முசுறுகள் காப்பாற்றின. மரத்தில் ஒரு புழு மிஞ்சவில்லை. சோலையம்மாளும் தன் வாக்கைக் காப்பாற்றினாள். எறும்பு தூக்குகிற அளவுக்கு ஈர்க்கைப் பொடிப்பொடியாகக் கிள்ளிக் கொடுத்து, பொறுமையாகக் காட்டித் தந்தாள். ஒரு கூட்டம் இலைகளை இழுத்துப் பிடிக்க, இன்னொரு கூட்டம் ஈர்க்கைச் சுமந்து வந்து குத்தி மடக்கியது. மேல்கிளையில் பச்சைப் பசேலென்று ஒரு வீடு எழுந்தது. பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். தாயையும் இழுத்தும் தள்ளியும் ஏற்றிவிட்டார்கள். அவள் உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, நீ சொன்னது சரிதான் என்று சிலுப்பியிடம் சொன்னாள். அந்த வீட்டில் தாய் அப்படிச் சொல்வது பெரிய விஷயம். பழைய வளைக்கு இனி ஏன் போக வேண்டும் என்று யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஐப்பசி பிறந்து, ஒரு மத்தியானம் மலை கறுத்தது. முதலில் காற்றுதான் வந்தது. மந்தாரை மரம் தலையை விரித்துக்கொண்டு ஆடியது. முசுறு வீட்டின் ஒரு பக்கத்திலிருந்து ஈர்க்குத் துண்டு ஒன்று சத்தமில்லாமல் நழுவிக் கீழே விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று விழுந்தது. யாராவது ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் தையல் முழுவதும் விட்டுப்போய், சுவராக நின்ற இலை பட்டென்று விலகிப் பழையபடி தன் இடத்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் வெட்டவெளியில் கிடந்தார்கள். உருண்டு விழுந்தவர்களில் சிலரை எட்டிப் பிடிக்க முடிந்தது, சிலரை முடியவில்லை. கீழே ஓடை நுரைத்துக்கொண்டு ஏறியது. பழைய வளை அதற்குள் முழுகியிருந்தது. திரும்பிப் போகவும் இடமில்லை.

காயப்போட்ட இலைக் கட்டை எடுக்க சோலையம்மாள் கொல்லைக்கு ஓடி வந்தாள். சிலுப்பி கிளை நுனிக்கு வந்து அவளை நிறுத்தினாள்.

"அக்கா, நீ குடுத்த ஈர்க்கு எங்க வீட்டக் கவுத்துருச்சு."

சோலையம்மாள் கீழே கிடந்த ஈர்க்கை எடுத்துப் பார்த்தாள். பச்சையாகக் கொடுத்தது காய்ந்து, இளைத்து, சுருங்கிப்போயிருந்தது. துளைக்குள் எப்படி நிற்கும்?

"அடிப் பாவி, நான் இலை தைக்கிறது ஒரு வேளைச் சோத்துக்குடி. தின்னு முடிச்சா மடிச்சு எறிஞ்சிருவாங்க. இதுல வருசம் பூராக் குடியிருக்கணும்னு நீ சொல்லலியே."

"நீ கேக்கலியே" என்றாள் சிலுப்பி.

சோலையம்மாளுக்குத் தெரிந்தது பந்தி. சிலுப்பிக்குத் தெரிந்தது வீடு. தைக்கிற விதம் மட்டும்தான் கை மாறியது, எவ்வளவு நாளைக்கு என்பது மாறவில்லை. மழைத்துளி விழ ஆரம்பித்தது.

சோலையம்மாள் இலைக் கட்டை அப்படியே போட்டாள். முற்றத்தில் கிடந்த மர உரலை மரத்தடிக்கு உருட்டி வந்து கவிழ்த்து அதன்மேல் ஏறி, கைகளை உயர்த்தி, விலகிப்போன இரண்டு இலைகளையும் இழுத்துச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முசுறுகளுக்கு வீட்டின் மேல் ஏதோ கை வைத்திருக்கிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. மொய்த்துக் கடித்துவிட்டன. அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள், கையை எடுக்கவில்லை. பெரியகருப்பன் அரிசி புடைக்கிற சுளகு ஒன்றை எடுத்து வந்து, எட்டிய மட்டும் அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். தன்னைக் கடித்துவிடுமோ என்ற பயத்தில் அந்தச் சுளகு அடிக்கடி ஆடியது.

அவள் கை மறைவில் முசுறுகள் மறுபடியும் சங்கிலி போட்டன. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இடுப்பைக் கவ்வி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. கொஞ்ச நேரத்தில் சோலையம்மாளின் விரல்கள் வீங்கி, மடங்க மறுத்தன.

"கை மரத்துப்போச்சுடி. நான் எடுக்கப்போறேன். வெரசா ஒரு வழியப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மெல்லக் கையை எடுத்தாள்.

சங்கிலி தாங்கியது. ஆனால் காற்று ஒவ்வொரு தடவை உலுக்கும்போதும் ஏதாவது ஒரு பிடி நழுவியது. நழுவிய இடத்துக்கு வேறொருத்தி ஓட வேண்டியிருந்தது. இப்படியே மாலை வரைக்கும்கூட நிற்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சிலுப்பி பிள்ளைகளை நனையாத மூலைக்குத் தூக்கி மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் வாயில் இருந்தது நன்றாகக் கொழுத்த பிள்ளை. கூடு கட்டுகிற பருவம். இன்றோ நாளையோ என்று தலையை இப்படியும் அப்படியுமாக அசைத்து நூல் ஒட்ட இடம் தேடிக்கொண்டிருந்தது. சங்கிலியைத் தாண்டிப் போகும்போது அதன் வாய் ஓர் இலையின் விளிம்பில் பட்டுவிட்டது. நூல் ஒட்டிக்கொண்டது. சிலுப்பி பதறிப் பின்னால் இழுத்தாள். இழுத்த வேகத்தில் பிள்ளையின் தலை எதிர் இலையின் விளிம்பில் இடித்தது. அங்கேயும் ஒட்டிக்கொண்டது. இரண்டு இலைக்கும் நடுவில், மழை வெளிச்சத்தில், வெள்ளையாக ஓர் இழை நின்றது.

சிலுப்பி அதைக் காலால் தொட்டாள். அறுந்துபோகவில்லை. அந்த இடத்தில் பிடித்துக்கொண்டிருந்தவள், இழுப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறதே என்றாள். சொன்ன பிறகுதான் அவளும் அந்த நூலைப் பார்த்தாள்.

பிள்ளையின் நூல் பிள்ளைக்கு மட்டும்தான். அதை யாரும் தொடக்கூடாது என்பதுதான் முசுறு வீட்டின் முதல் சட்டம். ஒரு பிள்ளைக்கு ஒரு கூட்டுக்குத்தான் நூல் உண்டு. அதைச் செலவழித்துவிட்டால் பிறகு இல்லை. கூடு இல்லாமல் தூங்கிய பிள்ளை எழுந்து வந்ததாக அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. சிலுப்பிக்குச் சிலந்தியின் ஞாபகம் வந்தது. நூலுக்குப் பிள்ளையைக் கேட்டதன் காலை ஒடித்துவிட்டு வந்தோமே, இப்போது நாமே எடுக்கப் போகிறோமா என்று நினைத்தாள். தாயைப் பார்த்தாள்.

"நானும் சொல்ல முடியாது, நீயும் முடிவு பண்ண முடியாது. நூலு யாருதோ அதுகிட்டயே கேளு" என்றாள் தாய்.

சிலுப்பி பிள்ளையைக் கீழே வைத்துக் கேட்டாள். எதையும் மறைக்கவில்லை. வீடு நிற்க உன் நூல் வேண்டும், கொடுத்தால் உனக்குக் கூடு கிடையாது, கூடு இல்லாமல் தூங்கினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியாது என்று எல்லாவற்றையும் சொன்னாள். பிள்ளைக்குக் கண் இல்லை. அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது.

"என்னையத் தூக்கிட்டு வந்தப்ப உன் காலு ஏன் அப்படி ஆடுச்சு?"

"களைச்சுப்போச்சுடா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

"அப்ப வெரசாத் தைய்யி" என்றது பிள்ளை.

சிலுப்பி அழுதாள். எறும்பு அழுமா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அழுதாள். பேர் இல்லாமல் இது போய்விடக் கூடாது என்று நினைத்தாள். அதனால் வழக்கத்தை மீறி, எறும்பாக ஆவதற்கு முன்பே, எல்லோர் முன்னிலையிலும் அதற்கு வெள்ளச்சி என்று பேர் வைத்தாள். பிறகு வெள்ளச்சியை மெதுவாகக் கவ்வி, இந்த விளிம்பைத் தொட்டு, அந்த விளிம்பைத் தொட்டு, மறுபடி இந்த விளிம்பு என்று போய் வந்தாள். போகிற இடமெல்லாம் நூல் விழுந்தது. மற்றவர்களும் பருவம் வந்த பிள்ளைகளிடம் போய்க் கேட்டார்கள். மாட்டேன் என்று சொன்ன பிள்ளையும் ஒன்று இருந்தது. அதற்குப் பயம். பயப்படுவதில் என்ன தப்பு? அதை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூலையில் விட்டுவிட்டார்கள். அது அங்கேயே தன் கூட்டைக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனது.

மழை உக்கிரமாக இறங்கியபோது இரண்டு இலைக்கும் நடுவில் வெள்ளைத் துணி விரித்தது போல நூல் படர்ந்திருந்தது. ஒருத்தி பயந்து பயந்து பிடியை விட்டாள். இலை நகரவில்லை. பக்கத்தில் இருந்தவளும் விட்டாள். சங்கிலி முழுவதும் கழன்று, எல்லோரும் அப்படி அப்படியே விழுந்து கிடந்தார்கள். இரவெல்லாம் ஓடை கத்தியது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை.

வீடு நின்றுவிட்டது. ஆனால் யாருக்கும் சந்தோஷமில்லை. நூல் கொடுத்த பிள்ளைகள் வரிசையாக, ஒன்றும் போர்த்தாமல், அசையாமல் கிடந்தன. சிலுப்பி வெள்ளச்சியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. நக்கிச் சுத்தம் செய்வதும், இடம் மாற்றி வைப்பதும், மறுபடி நக்குவதுமாக இருந்தாள். செத்த பிள்ளையை அன்றைக்குத் தூக்கிக்கொண்டு திரிந்தாளே, அதே போலத்தான் இப்போதும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவசரப்பட்டு எல்லாப் பிள்ளைகளையும் தொலைத்துவிட்டாள் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. அவள் யாரையும் கடிக்கவில்லை. அதிலிருந்தே அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று தெரிந்துகொள்ளலாம்.

சோலையம்மாளும் காலையில் வந்ததும் முதலில் மேல்கிளையைத்தான் பார்ப்பாள். விரல் வீக்கம் வடியும் வரை இலை தைக்க முடியாமல், மரத்தடியில் உட்கார்ந்து கிளையை நோக்கி, எந்திரிச்சுருச்சா என்று கேட்பாள். இல்லை என்று பதில் வரும்.

பிறகு ஒரு காலையில் சிலுப்பி வெள்ளச்சியைப் புரட்டி வைத்தபோது, வெள்ளைத் தோலுக்கு அடியில் ஏதோ நிழல் தெரிந்தது. உற்றுப் பார்த்தாள். கண். அடுத்த நாள் பார்த்தால், மார்போடு மடக்கி வைத்த கால்கள் கோடு கோடாகத் தெரிந்தன. எல்லோரையும் கூப்பிட்டாள். எறும்பு பிறந்த நாளிலிருந்து கூட்டுக்குள் மறைவாகவே நடந்துவந்த ஒரு காரியத்தை, முதல் தடவையாக அன்றுதான் எறும்புகள் கண்ணால் பார்த்தன. நாமும் இப்படித்தான் ஆனோமா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். தாய் வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேரைப் பெற்றவள், ஒரு பிள்ளை எப்படி ஆளாகிறது என்பதை அவளும் அதுவரை கண்டதில்லை. பிள்ளைகளின் நிறம் நாளுக்கு நாள் மாறியது. வெள்ளை மஞ்சளானது, மஞ்சள் செம்மையானது.

கடைசியில் வெள்ளச்சி காலை நீட்டினாள். ஒவ்வொரு காலாக நீட்டிப் பார்த்து, எழுந்து நின்று, முதல் வேலையாகச் சிலுப்பியைக் கடித்தாள். நல்ல வலுவான கடி. அவளுக்குப் பின்னால் நூல் கொடுத்த மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. வீடே கூத்தாடியது. கீழே உட்கார்ந்திருந்த சோலையம்மாளுக்குச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அதே நாளில் மூலையில் கூடு கட்டித் தூங்கிய பிள்ளையும் கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதற்கும் வெள்ளச்சிக்கும் ஒரு கால் அளவுகூட வித்தியாசமில்லை. அது வெள்ளச்சியைப் பார்த்துவிட்டு, நீ எந்தக் கூட்டில் தூங்கினாய் என்று கேட்டது.

வெள்ளச்சிக்குத் தெரியவில்லை. அவள் சிலுப்பியைப் பார்த்தாள். சிலுப்பி அவளை இலை சேர்கிற இடத்துக்கு அழைத்துப்போய், அந்த வெள்ளைத் துணியைக் காட்டினாள். வெள்ளச்சி அதைத் தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, இவ்வளவு பெரிதாகவா என்று கேட்டாள்.

"நாங்க எல்லாரும் உள்ள இருக்கோம்ல" என்றாள் சிலுப்பி.

அந்த மழையிலிருந்துதான் முசுறு மரத்தை விட்டு இறங்கிக் குடியிருப்பதில்லை. அன்று தொட்டுத்தான் எந்த முசுறுப் பிள்ளையும் தனக்கென்று கூடு கட்டுவதில்லை. பருவம் வந்ததும் நூல் முழுவதையும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றும் போர்த்தாமல் தூங்கும். பேரையும் அன்றைக்கே, நூல் கொடுக்கிற நாளிலேயே, வைத்துவிடுகிறார்கள். மாமரத்திலோ கொய்யா மரத்திலோ, இலைகளைச் சேர்த்து ஒட்டிய பச்சை உருண்டையைப் பார்த்தால் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். ஒரு முசுறு வாயில் சின்னதாக, வெள்ளையாக ஒன்றைக் கவ்விக்கொண்டு, இந்த இலைக்கும் அந்த இலைக்குமாகப் போய் வரும். கவ்வியிருப்பது இரை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

அந்த வீட்டின் ஒவ்வொரு தையலிலும் ஒரு பிள்ளையின் கூடு இருக்கிறது. அதில் கை வைத்தால் கடிக்காமல் வேறு என்ன செய்யும்?